பழைய பச்சையை மறைத்துப் புதிதாகக் குத்துவது: நம் தோல் நிறத்தில் எது எடுபடும்?

வைகைக்கரை

என் இடது முன்கையின் உட்புறம் ஒரு பெயர் இருக்கிறது. தமிழ் எழுத்து, நான்கு விரல் நீளம். கல்லூரியில் சேர்ந்த ஆண்டு, சித்திரைத் திருவிழாவில் போட்டிருந்த ஒரு பச்சைக் கடையில் குத்திக்கொண்டது. அன்று கரிக்கறுப்பாக இருந்தது, இன்று பாசிப்பச்சை. சுழிகளெல்லாம் அடைத்துக்கொண்டு, ஓரங்கள் கசிந்து, தெரியாதவர்கள் பார்த்தால் என்ன எழுத்து என்றே சொல்ல மாட்டார்கள். தெரிந்தவர்கள் கேட்காமல் விடுவதில்லை.

தை மாதம் எனக்குத் திருமணம். அவருக்கு எல்லாம் தெரியும், அவர் தரப்பில் ஒரு சிக்கலும் இல்லை. எனக்குத்தான் அது கையில் இருக்கக் கூடாது. அதன் மேல் ஒரு செந்தாமரை குத்திக்கொள்ள ஆசை. விசாரித்த இடங்களில் ஒருவர், "ஒரே நாளில் முடித்துவிடலாம், பழையது இருந்த இடமே தெரியாது" என்கிறார். இன்னொருவர், லேசர் செய்துகொண்டு வந்தால்தான் தொடுவேன் என்கிறார். அம்மாவோ, "வளையலை ஏற்றிப் போட்டுக்கொள், அதை ஏன் நோண்டுகிறாய்" என்கிறார். நான் மாநிறம். யார் சொல்வது சரி?

ஊசிமுனை

எனக்குத் தொழிலே இதுதான், கோவையில். உங்களை லேசருக்கு அனுப்பியவர் கையில் வந்த வேலையை விட்டுக்கொடுத்து உண்மையைச் சொல்லியிருக்கிறார். அவரை விட்டுவிடாதீர்கள்.

கவர்அப் என்றதும் பெரும்பாலானவர்கள் நினைப்பது, பழைய மையின் மேல் புதிய மை போய் உட்கார்ந்து மூடிக்கொள்ளும் என்று. அப்படி நடப்பதில்லை. தோலின் மேலடுக்கு ஓயாமல் உதிர்ந்து புதிதாக வளர்வது. மை அதில் நிற்காது. அதற்குக் கீழே ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கும் உட்தோலில்தான் நிற்கும். புதிய மையும் போய்ச் சேருவது அதே அடுக்குக்குத்தான். பழையதும் புதியதும் அங்கே கலந்து நிற்கின்றன, நம் கண்ணுக்குத் தெரிவது இரண்டும் சேர்ந்த நிறம். கருநீலச் சேலையை மஞ்சள் சாயத்தில் எத்தனை முறை முக்கினாலும் மஞ்சள் சேலை கிடைக்காது, இதுவும் அப்படித்தான். உங்கள் பாசிப்பச்சையின் மேல் சிவப்பைக் குத்தினால் காய்ந்த ரத்தத்தின் நிறம் வரும். செந்தாமரை வராது. இளஞ்சிவப்பு, மஞ்சள், தோல் நிறம் எல்லாம் அந்த எழுத்துகளின் மேல் எடுபடவே எடுபடாது. ஒரு மாதம் நன்றாகத் தெரியும், ஆறியபின் எழுத்து மெல்ல மேலே வந்துவிடும். ஒரே நாளில் முடிக்கிறேன் என்பவர் காட்டும் படங்களெல்லாம் குத்திய அன்றே எடுத்தவை. ஆறு மாதம் கழித்து எடுத்த படத்தைக் கேட்டுப் பாருங்கள்.

எடுபடுபவை ஆழ்ந்த நீலம், கரும்பச்சை, கத்தரிப்பூ நிறம், கறுப்பு. அளவும் கூடும். பழையதைப் போல இரண்டு மடங்காவது இடம் வேண்டும், மூன்று மடங்கு என்றால் வசதி. நான்கு விரல் நீளப் பெயரை மறைக்க முன்கையில் பாதி போய்விடும். அதற்கு மனம் ஒப்புமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

இன்னொன்று. விளக்கைக் கையின் பக்கவாட்டில் வைத்துப் பாருங்கள், கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் தடவியும் பாருங்கள். எழுத்து மேடு தட்டியிருக்கிறதா என்று சொல்லுங்கள்.

வைகைக்கரை

தடவிப் பார்த்தேன் அண்ணா. முதல் எழுத்தும் கடைசி எழுத்தின் கொம்பும் மேடாக இருக்கின்றன. மற்றவை வழவழவென்று தோலோடு தோலாகத்தான் இருக்கின்றன. கோடைக்காலத்தில் வியர்க்கும்போது அந்த மேடு மட்டும் அரிக்கும்.

ஊசிமுனை

ஊசி ஆழமாக இறங்கியிருக்கிறது. எழுத்தின் ஓரம் கசிந்திருப்பதற்கும் அதுவே காரணம். மேடு தட்டிய தோல் தழும்பு. அதில் மை ஒரே சீராகப் பிடிக்காது. நிறத்தை மறைத்தாலும் பக்கவாட்டு வெளிச்சத்தில் அந்த மேட்டின் நிழல் விழும். ஆகவே அதன் மேல் சமமான நிறப்பரப்பு எதுவும் வரக் கூடாது. மயிலிறகின் இழைகள், இலை நரம்பு, மீன் செதில் என்று ஏற்கெனவே கோடும் வரியுமாக இருக்கும் உருவம்தான் அந்த மேட்டைத் தனக்குள் இழுத்துக்கொள்ளும்.

தோல்மருத்துவர்

அரிப்பு என்று படித்ததால் எழுதுகிறேன். மேடு நாளாக ஆக வளர்கிறதா, எழுத்தின் எல்லையைத் தாண்டிப் பக்கத்துத் தோலுக்கும் போகிறதா என்று கவனியுங்கள். தாண்டியிருந்தால் அது கீலாய்டாக இருக்கலாம். அப்படியானால் அங்கே ஊசியும் கூடாது, யோசிக்காமல் லேசரும் கூடாது. நம் போன்ற கறுத்த, மாநிறத் தோலில் கீலாய்டு வரும் வாய்ப்பு கூடுதல். மார்பு, தோள்பட்டை, காதுமடல் ஆகிய இடங்களில் அதிகம். வீட்டில் யாருக்காவது காது குத்திய இடத்தில் கட்டி வந்ததுண்டா என்று அம்மாவிடம் கேளுங்கள். எதற்கும் ஒருமுறை நேரில் காட்டிவிடுங்கள்.

கறுப்பு ஏன் பச்சையாகத் தெரிகிறது என்றும் சொல்லிவிடுகிறேன், பலர் மையில் கலப்படம் என்று நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது கரிதான், இன்றும் கறுப்புதான். ஆனால் அது தோலுக்கு அடியில் இருக்கிறது. மேலே உள்ள தோல் ஒளியைச் சிதறடிக்கும்போது நீலப் பகுதியே அதிகமாகக் கண்ணுக்குத் திரும்பி வருகிறது. அதன் மேல் நம் தோலின் நிறமும் சேர்ந்து பச்சையாகக் காட்டுகிறது.

மை பல்லாண்டு நிற்பதற்கும் காரணம் உண்டு. உட்தோலில் இருக்கும் விழுங்கு செல்கள் மைத்துகளை விழுங்கிவைத்துக்கொள்கின்றன. அந்த செல் செத்தால் துகள் வெளியே விழுகிறது, அடுத்து வரும் செல் அதை எடுத்துக்கொள்கிறது. 2018-இல் பிரான்சின் மார்சேய் நகர ஆய்வாளர்கள் எலிகளிடம் இதைக் காட்டினார்கள். லேசர் செய்வது, அந்தத் துகள்களை நொறுக்கி, நிணநீர் வழியே உடல் வெளியேற்றும் அளவுக்குச் சிறிதாக்குவது. வேலையில் பாதி உடம்பினுடையது. அதனால்தான் ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஆறு முதல் எட்டு வாரம் விடுகிறோம். நாளை நெருக்கிப் போட்டால் தோல் வேகுமே தவிர மை வேகமாகப் போகாது.

நம் நிறத்துக்கு 1064 நானோமீட்டர் அலைநீளம் கொண்ட என்டி-யாக் லேசர்தான் பாதுகாப்பு. அது தோலின் சொந்த நிறமியை அதிகம் தொடாமல் ஆழத்தில் இருக்கும் கறுப்பைத் தாக்கும். சிவப்பு மைக்குப் பயன்படும் 532 நம் தோலில் வெள்ளைத் திட்டை விட்டுச்செல்லும் ஆபத்துண்டு. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: எந்த எந்திரம், எந்த அலைநீளம், கையாள்பவர் தோல் மருத்துவரா. அழகு நிலையத்தில் சலுகை விலைக்குச் செய்துகொண்டு, எழுத்து போய் அதே எழுத்து வெள்ளையாக நிற்கும் கைகளை நான் பார்க்கிறேன். அதைத் திருப்புவது மிகக் கடினம்.

என்னைக் கேட்டால், முழுவதும் எடுத்துவிடுங்கள். இன்னொன்று எதற்கு?

ஊசிமுனை

டாக்டர், கடைசி வரியில் மட்டும் மாறுபடுகிறேன். முழுவதும் எடுக்க எத்தனை முறை ஆகும் என்று உங்களாலேயே முன்கூட்டி உறுதி சொல்ல முடியாது. ஓராண்டு தாண்டலாம், செலவும் அப்படி. எங்களுக்கு முழுவதும் போக வேண்டியதில்லை. இரண்டு மூன்று முறை செய்து, கறுப்பு சாம்பல் நிறத்துக்கு இறங்கினாலே போதும். அதன்பின் நான் வரையக்கூடிய உருவங்கள் பல மடங்கு கூடும், அளவும் குறையும். செந்தாமரையே கூட அப்போது முடியலாம். கடைசி லேசருக்குப் பிறகு எட்டு வாரமாவது, முடிந்தால் மூன்று மாதம் தோலைச் சும்மா விட வேண்டும்.

தோல்மருத்துவர்

ஒப்புக்கொள்கிறேன். திருவிழாக் கடை மை என்றால் அடர்த்தி குறைவு, தேர்ந்தவர்கள் குத்தியதைவிட அது சீக்கிரம் வெளுக்கும். ஒன்றை மட்டும் சேர்க்கிறேன். லேசருக்கு முன்பே யாராவது "கொஞ்சம் வெள்ளை போட்டு மங்கச் செய்கிறேன்" என்றால் விடாதீர்கள். வெள்ளை மையில் இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு. லேசர் பட்டால் அது கறுத்துப்போகும். தோல் நிற மைகளில் இருக்கும் இரும்பு ஆக்சைடும் அப்படியே. பிறகு எடுக்க வேண்டியது இரண்டாகிவிடும்.

சுண்ணாம்பும் சலவை சோடாவும் குழைத்துத் தடவுவது, இணையத்தில் விற்கும் அமிலக் களிம்புகள், உப்புக்கல்லால் தேய்ப்பது எல்லாம் தோலை எரிப்பவை. பச்சையோடு தோலும் போய்விடும், தழும்பு நிற்கும். இந்த இழையைப் படித்துவிட்டு ஒருவராவது அந்தச் சுண்ணாம்பை எடுத்து வைத்துவிட்டால் எனக்கு நிம்மதி.

பாலைநிலம்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். எனக்கு வலது முன்கையில் சிங்க முகம் இருக்கிறது. மத்திய ஆயுதக் காவல் படைத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறேன். பயிற்சி மையத்தில் ஒருவர், "சிங்கத்தை மறைத்துத் தேசியக் கொடி குத்திக்கொள், விட்டுவிடுவார்கள்" என்கிறார். உண்மையா?

ஓய்வுபெற்றஹவில்தார்

தம்பி, அந்த ஆள் பேச்சைக் கேட்டுக் கையைக் கெடுத்துக்கொள்ளாதே. மத்தியப் படைகளின் விதியில் மூன்று கேள்விகள்: என்ன உருவம், எந்த இடம், எவ்வளவு அளவு. உருவத்தைப் பொறுத்தவரை மதச் சின்னம், பெயர் ஆகியவற்றுக்கு இடம் உண்டு. இடம் என்றால் இடது முன்கையின் உட்புறம் அல்லது புறங்கை. இடது ஏன் என்றால் அது சல்யூட் அடிக்காத கை. அளவோ, அந்த உறுப்பில் நான்கில் ஒரு பங்குக்கும் குறைவாக இருக்க வேண்டும். உன்னுடையது வலது கை. அங்கே சிங்கம் இருந்தாலும் கொடி இருந்தாலும் இடம் தவறுதான். மறைப்பதற்குக் குத்தினால் இரண்டு மடங்காகும் என்று மேலே அண்ணன் எழுதியிருக்கிறார், அளவிலும் தோற்றுவிடுவாய்.

ராணுவத்தில் முன்கையின் உட்புறம், முழங்கை மடிப்பிலிருந்து மணிக்கட்டு வரை, அப்புறம் புறங்கை. பழங்குடி மரபுப் பச்சைக்குத் தனிச் சலுகை உண்டு. ஒவ்வோர் ஆண்டு அறிவிக்கையிலும் இதைப் போட்டிருப்பார்கள், நீயே எடுத்துப் படி.

உனக்கு லேசர் ஒன்றுதான் வழி. இன்றைக்கே தொடங்கு. மருத்துவச் சோதனைக்கு இரண்டு வாரம் முன்னால் ஓடினால் கொப்புளத்தோடு போய் நிற்பாய். பையன்கள் மூன்று ஆண்டு ஓடி, குதித்து, எழுத்துத் தேர்வில் தேறி, ஒரு சிங்கத்தால் வீட்டுக்குத் திரும்புவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. தேர்வுக்குப் படிக்கிற பிள்ளைகள் யார் இதைப் படித்தாலும், வேலையில் சேரும்வரை ஊசிப் பக்கமே போகாதீர்கள்.

பாலைநிலம்

நன்றி ஐயா. திங்கட்கிழமை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவுக்குப் போகிறேன். பயிற்சி மையத்திலும் இதைச் சொல்கிறேன். அங்கே இன்னும் நான்கைந்து பேருக்குக் கையில் இருக்கிறது.

ரைன்நதி

நான் ஜெர்மனியில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணம். நிறம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியிலிருந்து பச்சை குத்தும் மைகளில் ஏராளமான ரசாயனங்களுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. நீலம் 15:3, பச்சை 7 என்ற இரண்டு நிறமிகளுக்கு மட்டும் ஓராண்டு அவகாசம் கொடுத்து 2023 ஜனவரியில் அவற்றையும் நிறுத்தியது. ஊசிமுனை அண்ணா சொன்னதுபோல் மறைப்பதற்கு அதிகம் வேண்டியவை நீலமும் பச்சையும்தான். இங்கே கலைஞர்கள் மாற்று மைகளுக்கு மாறிக்கொண்டார்கள். ஊரில் குத்துகிறவர்களாவது குப்பியின் மேல் எழுதியிருப்பதைக் கேட்டுப் படிக்க வேண்டும் என்பது என் ஆதங்கம். பெயரில்லாத குப்பியிலிருந்து ஊற்றுவதை உடம்புக்குள் காலம் முழுக்க வைத்திருக்கப் போகிறோம்.

ஊசிமுனை

நியாயமான ஆதங்கம். தயாரிப்பாளர் பெயர், தொகுப்பு எண், காலாவதித் தேதி மூன்றும் இல்லாத குப்பியைத் திறக்கவே விடாதீர்கள். மையில் குழாய்த் தண்ணீர் கலந்து நீர்க்கச் செய்வதைப் பார்த்தால் எழுந்து வந்துவிடுங்கள். கிருமி அப்படியே தோலுக்குள் போகும்.

அல்லிக்குளம்

எனக்கு வயது 58. இரண்டு முன்கையிலும் கோலப் பச்சை, நெற்றியில் ஒரு புள்ளி. "பச்சை குத்தலையோ" என்று தெருவில் கூவிக்கொண்டு வந்த குறத்தி, எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து குத்தியது. விளக்குக் கரியைக் குழைத்து வைத்திருந்தாள், ஊசிகளைச் சேர்த்துக் கட்டியிருந்தாள். நான் கதறாமல் இருக்க ஆத்தா என் வாயில் கருப்பட்டியைத் திணித்துவிட்டு, "நகை நட்டெல்லாம் இங்கேயே நின்றுவிடும், போகும்போது கூட வருவது இது ஒன்றுதான்" என்றாள்.

இப்போது என் மகள், "இதை மறைத்து அழகாக ஒரு கொடி குத்திக்கொள்ளம்மா, நான் பணம் கட்டுகிறேன்" என்கிறாள். அன்பாகத்தான் சொல்கிறாள். இந்த இழையை அவள்தான் எனக்கு அனுப்பினாள். எனக்கு மறைக்கப் பிடிக்கவில்லை, அவளையும் நோகடிக்கப் பிடிக்கவில்லை.

ஊசிமுனை

அம்மா, மறைக்காதீர்கள். உங்கள் மகளும் இதைப் படிக்கட்டும்.

அந்தக் கோலங்களைக் குத்தத் தெரிந்த கைகள் இன்று விரல் விட்டு எண்ணும் அளவுக்குக்கூட எங்கள் பக்கத்தில் இல்லை. புள்ளி வைத்து, புள்ளியைச் சுற்றிக் கம்பி போகும் அந்தக் கணக்கு காகிதத்தில் எழுதி வைக்கப்பட்டதில்லை. குறவர் வீட்டுப் பெண்கள் தாயிடமிருந்து மகளாகக் கற்று வைத்திருந்தது. உங்கள் கைதான் இப்போது அதன் ஏடு. நான் தொழில் பழகியபோது, ஊரில் பாட்டிமார் கைகளை மெழுகுத்தாள் வைத்துப் பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். இன்று இளம்பெண்கள் அதைக் கேட்டு வந்து குத்திக்கொள்கிறார்கள். மங்கியிருந்தால் அதே கோட்டின் மேல் மெல்லிய ஊசியால் ஒரு முறை ஓட்டி எடுத்துத் தரலாம். அதற்கும் உங்களுக்கு விருப்பம் இருந்தால் மட்டும். சர்க்கரை நோய், ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை என்று ஏதாவது இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் அதுவும் வேண்டாம்.

உங்கள் மகள் கொடுக்கும் பணத்தில் அவள் கையில் உங்கள் கோலத்தில் ஒன்றைக் குத்திக்கொள்ளட்டுமே.

அல்லிக்குளம்

வாசித்துக் காட்டினேன். ஒன்றும் பேசாமல் என் கையை இழுத்து வைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறாள்.

மணமேடை

நான் மணப்பெண் ஒப்பனை செய்பவள். வைகைக்கரை, தைக்குள் லேசரும் முடியாது, கவர்அப்பும் முடியாது. அவசரப்பட்டுக் குத்தினால் மேடையில் பொருக்கோடு உட்கார வேண்டியிருக்கும். திருமணத்துக்கு ஒப்பனையே போதும். நீலப்பச்சைக்கு எதிர் நிறம் ஆரஞ்சு. ஆரஞ்சு கரெக்டரை மெலிதாகத் தட்டித் தட்டி ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பச்சை சாம்பலாக மாறியதும் உங்கள் நிறத்துக்கு ஏற்ற கன்சீலர், அதன் மேல் பவுடர், கடைசியில் செட்டிங் ஸ்பிரே. முகூர்த்தம் முடிந்து பந்திவரை தாங்கும். பட்டுச் சேலையில் ஒட்டுகிறதா என்று ஒரு வாரம் முன்பே ஒத்திகை பார்த்துவிடுங்கள்.

மருதாணியால் மறைக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். இலை மருதாணி என்றால் வைத்துக்கொள்ளுங்கள், பாதி மறையும். கறுப்பு மருதாணி மட்டும் வேண்டவே வேண்டாம். தலைமுடிச் சாயத்தில் உள்ள பிபிடி என்ற பொருள் அதில் கலந்திருக்கும். கொப்புளம் கட்டினால் திருமணப் படமெல்லாம் கட்டுப் போட்ட கையோடுதான்.

வைகைக்கரை

எல்லோருக்கும் நன்றி. தோல் மருத்துவரிடம் காட்டினேன். மேடு எல்லை தாண்டவில்லை, சாதாரணத் தழும்புதான் என்றார். அந்த இரண்டு இடங்களிலும் லேசரைக் குறைந்த அளவில் வைத்துச் சோதித்துவிட்டுத்தான் மேலே போவாராம். ஆகவே திருமணத்துக்கு ஒப்பனை, அதன்பிறகு லேசர், சாம்பலாக இறங்கியபின் தாமரை. அம்மா மட்டும், "இவ்வளவு பாடுபட்டு மறுபடியும் ஒன்றா" என்கிறார். எனக்கு அந்த இடம் வெறுமையாக இருக்க வேண்டாம். நானாகத் தேர்ந்த ஒன்று அங்கே இருக்க வேண்டும்.

ஊசிமுனை அண்ணா, தாமரையை எங்கே வைப்பீர்கள்? பெயரின் மேலேயே பூ வருமா?

ஊசிமுனை

வராது. பூவின் நடுப்பகுதியைப் பழைய எழுத்தின் மேல் வைத்தால் பார்ப்பவர் கண் நேராக அங்கேதான் போகும். பூவை முழங்கைப் பக்கம், சுத்தமான தோலில் வைப்பேன். அங்கே சிவப்பு சிவப்பாகவே நிற்கும். எழுத்து இருக்கும் இடத்தில் இலைகளும் தண்ணீரும், கரும்பச்சையும் ஆழ்நீலமுமாக. மேடு தட்டிய முதல் எழுத்தின் மேல் இலை நரம்பை ஓட்டுவேன். கடைசி எழுத்தின் கொம்பு ஏற்கெனவே வளைந்திருக்கும், அதையே தண்டாக்கிவிடலாம். இடையிடையே தோலை வெறுமையாக விட வேண்டும். எல்லாவற்றையும் இருட்டாக நிரப்பினால் இன்னும் பத்தாண்டில் ஒரே கறையாகிவிடும்.

இதை ஸ்டென்சிலில் செய்ய முடியாது. கண்ணாடித்தாளை வைத்து உங்கள் எழுத்தைப் பிரதி எடுத்து, அதன் மேல் வரைந்து, பிறகு பேனாவால் கையிலேயே நேராக வரைந்து பார்க்க வேண்டும். யாரிடம் போனாலும் இதைச் செய்கிறாரா என்று பாருங்கள். சிவப்பு மைதான் அதிகம் ஒவ்வாமை கொடுப்பது. ஆகவே முதலில் ஓர் ஓரத்தில் இரண்டு மூன்று புள்ளி மட்டும் வைத்துச் சில வாரம் பொறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஊசிக் கார்ட்ரிட்ஜை உங்கள் கண்முன்னே உறை பிரிக்க வேண்டும், மை ஊற்றும் கிண்ணங்களும் புதிதாக இருக்க வேண்டும்.

தோல்மருத்துவர்

ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். இல்லையென்றால் இப்போதே தொடங்கினால் தாமரைக்கு முன் மூன்று தவணையும் முடிந்துவிடும், ஆறு மாதம் ஆகும். ரத்ததானம் செய்பவர் என்றால், குத்திக்கொண்டபின் 12 மாதம் கொடுக்க முடியாது என்பதையும் கணக்கில் வையுங்கள். லேசர் நடக்கும் காலத்தில் அந்தக் கையில் வெயில் படக் கூடாது, வண்டி ஓட்டும்போது முழுக்கை. கர்ப்பம் தரித்தால் லேசரையும் ஊசியையும் அப்படியே நிறுத்திவிட்டு, பிரசவத்துக்குப் பின் பார்த்துக்கொள்ளலாம். மை எங்கேயும் போகாது.

வைகைக்கரை

முதல் தவணை ஊசி நாளைக்குப் போட்டுக்கொள்கிறேன் டாக்டர். அண்ணா, கண்ணாடித்தாள் பிரதியை நானே எடுத்து அனுப்பட்டுமா, நேரில்தான் வர வேண்டுமா?

ஊசிமுனை

நேரில் வாருங்கள். கையைத் திருப்பினால் தோலும் திருகும், எழுத்தும் சாயும். தாளில் அது தெரியாது. லேசர் எல்லாம் முடிந்து தோல் ஆறியபின் வந்தால் போதும், இப்போது எடுக்கும் பிரதி அன்றைக்கு உதவாது.